ஞாயிறு பிரசங்கம்: வார்னிஷ் மூடின கம்பி



அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ம் அதிகாரத்தில் உயிரற்ற வாத்தியங்களைப் பற்றிப் பேசுகிறார். குழலானாலும் யாழானாலும் அதனதன் சுரம் தெளிவாகப் பிரிந்து கேளாவிட்டால், வாசிக்கப்படுவது இன்னதென்று கேட்கிறவன் எப்படி அறிவான் என்பது அவருடைய கேள்வி. யாழ் என்று நாம் பெயர்த்துச் சொல்லும் இடத்தில் அப்போஸ்தலர் எழுதின கிரேக்கச் சொல் "கித்தாரா" என்பதாகும். அந்தச் சொல்தான் அரபியர் வாயிலும் ஸ்பானியர் வாயிலும் புகுந்து புறப்பட்டு, இன்றைக்குக் கிதார் என்று நம் பிள்ளைகளின் தோளில் தொங்குகிறது. ஆகையால் கிதாரைக் குறித்துக் கோவிலில் பிரசங்கம் செய்யலாமா என்று யாராவது முகம் சுளித்தால், ஆரம்பித்து வைத்தவர் அர்ச். சின்னப்பர் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இன்று நான் பேசப்போவது ஒரு கிதாரைப் பற்றியும், என்னுடைய குற்றத்தைப் பற்றியும்.

ஆறு ஞாயிறுகளுக்கு முன்னே எட்டு மணிப் பூசையில் நடந்த காரியம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாடகர் கூட்டத்தில் புதிதாக ஒரு வாத்தியம் வந்து நின்றது. நாலு தடித்த கம்பிகளும் நீண்ட கழுத்தும் கொண்ட பேஸ் கிதார். பாட்டு நடக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. பாட்டு நின்றதும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து, பானைக்குள் அடைபட்ட வண்டைப் போல, 'உம்ம்' என்று ஓர் இரைச்சல். காணிக்கை நேரத்தில் இரைந்தது. எழுந்தேற்ற வேளையில், மணி ஒலித்து, நீங்கள் எல்லோரும் தலை குனிந்து, குழந்தைகள்கூட வாய் மூடி நிற்கிற அந்த நேரத்திலும் இரைந்தது. எனக்குக் கோபம் மூண்டது. பூசை முடிகிற தறுவாயில், மைக்கின் முன்பாகவே, "அந்தச் சாமானை வெளியே எடுத்துக்கொண்டு போங்கள். சர்வேசுரனுடைய ஆலயத்தில் இனி அது வேண்டாம்" என்று சொன்னேன். உங்களில் சிலர் சிரித்தீர்கள். பையன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பக்க வாசல் வழியாகப் போனான். அதற்குப் பின் நாலு ஞாயிறு அவன் பூசைக்கு வரவில்லை.

தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டபடியால் பையன் என்றே சொல்லுகிறேன். வயது 23 ஆகிறது. முட்டுக்காட்டில், காயல் கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குச் சமீபமாகக் குடியிருக்கிற கடல்தொழில் குடும்பம். தகப்பனார் வாலிபத்தில் கட்டுமரம் ஏறினவர். பையன் கடலுக்குப் போவதில்லை. ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை செய்கிறான். பாடகர் கூட்டத்தில் மூன்று வருஷமாகப் பாடி வந்தவன்.

அவன் அந்தக் கிதாரைக் கடையில் ஆயத்தமாக வாங்கவில்லை. தன் கூலியில் மிச்சம் பிடித்து, பூட்டாத சாமான்களாக ஒரு பெட்டியை வரவழைத்தான். கிட் என்று அதைச் சொல்லுகிறார்கள். பெட்டியைத் திறந்தால் உடலுக்கென்று வெட்டின ஒரு மரக்கட்டை, மெட்டுகள் பதித்த ஒரு கழுத்து, கம்பியை முறுக்க நாலு பிரடைகள், உலோகக் குதிரை ஒன்று, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள்கள், ஒயர்கள், திருகாணிகள், சுருட்டி வைத்த நாலு கம்பிகள். கிதாருக்கு வேண்டியவை எல்லாம் இருந்தன. கிதார் மாத்திரம் இல்லை.

சாலமோன் அரசர் கட்டின ஆலயத்தைக் குறித்து வேதாகமம் இப்படியே ஒரு செய்தி சொல்லுகிறது. முதல் அரசராகமம் 6-ம் அதிகாரத்தில் பாருங்கள். கல் எல்லாம் வெட்டின இடத்திலேயே செதுக்கி முடிக்கப்பட்டு வந்தபடியால், ஆலயம் எழும்புகையில் சுத்தியல் சத்தமோ உளிச் சத்தமோ அங்கே கேட்கவில்லையாம். எல்லாம் முடித்து வந்த கல்தானே, சீக்கிரம் அடுக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் படியுங்கள். ஏழு வருஷம் சென்றது. அதற்குப் பின் 10-ம் அதிகாரத்தில் இன்னொரு காரியம் வருகிறது. ஈராம் அரசனுடைய கப்பல்கள் ஓப்பீரிலிருந்து பொன்னோடுகூட அருமையான ஒரு ஜாதி மரத்தையும் கொண்டுவந்தன. அது சந்தனமாக இருக்கலாம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அரசர் அந்த மரத்தை ஆலய வேலைக்கும் அரண்மனை வேலைக்கும் எடுத்ததோடு, பாடகருக்கு யாழும் வீணையும் செய்யவும் கொடுத்தார். ஆலயத்தைத் தாங்குகிற மரமும் பாடகன் கையிலுள்ள மரமும் ஒரே கப்பலில் வந்த மரம்!

அவ்வளவு தூரம் போவானேன்? முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்து வந்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும், கேரளத்துப் புதுப்பள்ளியில் இருந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வீடும் அங்கே நிற்கின்றன. தூணும் உத்தரமும் கதவுமாக அவற்றைப் பிரித்து, கொண்டுவந்து, இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். நம் கடற்கரைக்கு இது புதிய வித்தையும் அல்ல. கட்டுமரம் என்றால் என்ன? கட்டின மரம். கடலிலிருந்து திரும்பினதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவைத்து, மறுபடி தொழிலுக்குப் போகையில் சேர்த்துக் கட்டுவார்கள். இன்றைக்கு ஃபைபர் படகுகள் வந்து அந்த வேலை அருகிப்போயிற்று. ஆனாலும் பிரித்ததைச் சேர்க்கிற கை நம் ஜனங்களுக்குப் பிறப்போடு வந்த கை.

மின்சார பேஸ் கிதாரின் வரலாற்றையும் பையன்தான் எனக்குச் சொன்னான். முற்காலத்தில் கீழ்ச்சுரத்துக்கு ஆள் உயரத்துக்கு மேலான பெரிய பிடிலை நிற்கவைத்து வாசித்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது பெரும்பாடு. அமெரிக்காவில் சியாட்டில் பட்டணத்துப் பால் டட்மார்க் என்பவர் 1930-களில் மின்சாரத்தில் ஒலிக்கும் சிறிய பேஸ் ஒன்று செய்தார், அது பரவவில்லை. பின்பு 1951-ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் ஊரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் செய்த பேஸ் கிதார்தான் உலகமெங்கும் போயிற்று. அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கழுத்தையும் உடலையும் பசையிட்டு ஒட்டாமல் நாலு திருகாணியால் பூட்டினார்; ஒன்று பழுதானால் கழற்றி வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். கிட் என்று பெட்டியில் வருவது அந்த யோசனையின் பேரப்பிள்ளை. இதில் என்னை யோசிக்கவைத்த சங்கதி என்னவென்றால், லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1991-ல் சாகும்வரை கற்றுக்கொள்ளவுமில்லை. பிறர் வாசிப்பதற்காக வாழ்நாளெல்லாம் செய்தார்.

தஞ்சாவூர் வீணையிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. பலாமரத்தின் ஒரே துண்டில் குடமும் தண்டியும் சேரக் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து சேர்த்தால் அது ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் கச்சேரியில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு, ஒட்டு நன்றாக இருந்தால் ஒட்டு தெரியாது.

பையன் பட்ட பிரயாசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன். நான் ஒரு நிமிஷத்தில் வெளியே தள்ளின பொருளுக்குப் பின்னால் எவ்வளவு இருந்தது என்பதை நீங்களும் அறிய வேண்டும்.

பெட்டி வந்த அன்றைக்கே பூட்டிவிட ஆசைப்பட்டான். தகப்பனார் விடவில்லை. "மரம் எந்த ஊர்க் காத்துல கெடந்துச்சோ, நம்ம காத்துல கொஞ்ச நாள் கெடக்கட்டும்டா" என்றார். கிதாரை அவர் கண்டதில்லை; மரத்தைக் கண்டவர். மரம் காற்றின் ஈரத்தை உண்டு பருக்கும், வறட்சியில் சுருங்கும். கடலோரத்து உப்பு ஈரத்தில் அது ஒரு நிலைக்கு வருமுன் திருகாணியை முடுக்கினால் பின்னால் வெடிக்கும், அல்லது கோணும். மூன்று வாரம் கழுத்தும் உடலும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் சும்மா கிடந்தன.

அடுத்தது நேர் பார்க்கிற வேலை. கழுத்தின் மேல்நுனியில் கம்பி அமர்கிற இடத்திலிருந்து குதிரைவரைக்கும் 34 அங்குலம். அந்த நீளத்தில் குதிரை ஒரு பக்கமாகச் சற்று ஒதுங்கினாலும் ஓரக்கம்பி மெட்டை விட்டு வழுகிப்போம். இரண்டு ஓரத்திலும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, கண்ணை அதன் மட்டத்துக்கு வைத்துப் பார்த்துப் பார்த்து அடையாளமிட்டான். பிறகு துளை போட்டான். திருகாணி கடினமான மரத்தில் இறங்குகையில் சிக்கி ஒடியாதபடி மெழுகு தடவுவது வழக்கமாம். அந்த மெழுகை எங்கே பெற்றான் தெரியுமா? பீடத்தில் எரிந்து மிஞ்சின மெழுகுதிரித் துண்டுகளை நம் கோவில்பிள்ளையிடம் கேட்டு வாங்கிப்போயிருக்கிறான். அந்தக் கிதாரின் திருகாணி ஒவ்வொன்றும் நம் பீடத்து மெழுகில் இறங்கினது. நானோ அதை ஆலயத்துக்கு அந்நியம் என்றேன்.

கழுத்தின் தலைப்பக்கத்தை வெறும் பலகையாகவே விட்டு அனுப்புகிறார்கள், வாங்குகிறவன் தன் மனம்போல வெட்டிக்கொள்ளட்டும் என்று. அவன் அதைக் கட்டுமரத்தின் முன்முனை மேல்நோக்கி வளைகிற சாயலில் வெட்டினான். தகப்பனார் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். அது போதும் என்று பையன் சொன்னான்.

கழுத்தின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. நாலு கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கினால் அவை சேர்ந்து இழுக்கிற இழுப்பு 70, 80 கிலோ. ஒரு வளர்ந்த ஆளைத் தொங்கவிட்ட பாரம். அந்த இழுப்பில் மரம் வில்லாக வளையாதபடி உள்ளேயிருந்து எதிர்த்து நிற்பது அந்த எஃகு. அதைச் சிறு சாவியால் இறுக்கலாம், தளர்த்தலாம். ஆனால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. திருப்பிவிட்டு, மரம் அமரட்டும் என்று காத்திருக்க வேண்டும். பிள்ளை வளர்க்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குருமாரும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக வார்னிஷ். இதிலேதான் அவனுக்குக் கை தேர்ந்த வேலை, படகுப் பட்டறையில் பழகினவன் அல்லவா? மழைக்கால ஈரத்தில் பூசினால் பால் படர்ந்ததுபோல வெளுத்துப்போகும் என்று தை மாதம்வரை பொறுத்தான். ஏழு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே உப்புத்தாள் போட்டு, முடிவில் 2000 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். முகம் பார்க்கலாம் போல மின்னினது. வீட்டில் பெட்டியோடு இணைத்து வாசித்தபோது ஒரு மெல்லிய முனகல் கேட்டது. புதுக் கருவி அப்படித்தான் முனகும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவந்தான். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நாலு ஞாயிறு கழிந்தது. உண்மையைச் சொன்னால், அவன் வராததை நான் கவனித்தேன். கவனித்தும் சும்மா இருந்தேன். ரோஷம் தணிந்தால் வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பின் ஒரு திங்கட்கிழமை காலையில் பூசைக் கருத்துகள் எழுதுகிற நோட்டைப் புரட்டினேன். அவன் தாயார் வந்து எழுதிப் போயிருந்தார்கள். கருத்து: மகன் மறுபடி கோவிலுக்கு வர. என் வாயால் வெளியே அனுப்பின பிள்ளையைத் திரும்பக் கூட்டிவரும்படி, என்னிடமே பூசைக்குக் காசு கொடுத்திருந்தார்கள் அந்த அம்மாள்.

அர்ச். மத்தேயு சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருகிறவனைக் குறித்துச் சொல்லுகிறார். தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு, முதலில் போய் அவனோடு உறவாகி, பின்பு வந்து ஒப்புக்கொடுக்கச் சொல்லுகிறார். இந்த வசனத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். அதில் ஒரு சொல்லை அன்றுவரை நான் கவனித்ததில்லை. உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். வழக்கு என்மேல் இருக்கையில், நடக்க வேண்டியவன் நான்.

அன்று மாலை முட்டுக்காட்டுக்குப் போனேன். கிதார் மேஜையின்மேல் கம்பிகள் கழற்றப்பட்டுக் கிடந்தது. பையன் எழுந்து நின்று, "வாங்க சாமி" என்றான். மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு வாய் வரவில்லை. "என்ன பழுது தம்பி?" என்று மாத்திரம் கேட்டேன்.

"தெரியல சாமி. ஒயர் சொருகுற இந்த இரும்ப தொட்டா சத்தம் நின்னுடுது. கம்பிய தொட்டா நிக்கல. நியாயமா கம்பிய தொட்டாலே நிக்கணும்."

அதன் காரணத்தை விளக்கினான். அறையிலுள்ள விளக்கும் ஒயரும் எப்போதும் மின் இரைச்சலை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. நம் சரீரம் அதை வாங்கிக் கிதாருக்குக் கொடுக்கும். அதைத் தடுப்பதற்காகக் குதிரையின் கீழே சிறு துளையிட்டு, உள்ளிருந்து ஓர் ஒயரை வெளியே கொண்டுவந்து, அதன் வெறும் நுனி குதிரையின் உலோகத்தைத் தொட்டிருக்கும்படி அழுத்தி வைப்பார்கள். வாசிக்கிறவன் விரல் கம்பியைத் தொடும். கம்பி குதிரையைத் தொடும். குதிரை ஒயரைத் தொடும். ஒயர் பெட்டி வழியாகப் பூமியைத் தொடும். இந்தத் தொடர்பு அறாதிருந்தால் இரைச்சல் பூமிக்குப் போய்விடும்.

அப்போதே குதிரையைக் கழற்றினான். நானும் குனிந்து பார்த்தேன். ஒயர் அங்கேதான் இருந்தது, ஒடியவில்லை. ஆனால் அதன் நுனியின்மேல் வார்னிஷ் கண்ணாடிபோலப் படிந்து உறைந்திருந்தது. ஏழு பூச்சு பூசுகையில் அந்த நுனியையும் சேர்த்துப் பூசிவிட்டான். அழகுக்காகச் செய்த காரியம் தொடர்பை மூடிவிட்டது. பிளேடு எடுத்து இரண்டு நிமிஷம் சுரண்டினான்; செம்பு வெளிப்பட்டது. குதிரையைப் பூட்டிக் கம்பி கட்டி இணைத்தான். வீட்டில் சத்தமில்லை.

சகோதரரே, நம் ஆத்துமத்தில் இந்த வார்னிஷ் எத்தனை பூச்சு என்று எண்ணிப் பாருங்கள். திருநாளுக்குத் தோரணம் கட்டுகிறோம், தேரை ஜோடிக்கிறோம், கொடி மரத்துக்கு ஒவ்வொரு வருஷமும் புது வண்ணம் அடிக்கிறோம். இவை தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தப் பையனுடைய வார்னிஷும் நல்ல வார்னிஷ்தான். ஆனால் எங்கேயோ ஓர் இடத்தில் மனுஷன் ஒன்றும் பூசாமல் வெறுமையாகச் சர்வேசுரனைத் தொட்டிருக்க வேண்டும். அந்த இடம் மூடிப்போனால் மற்றதெல்லாம் மின்னும், உள்ளே இரையும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நிற்பது அந்தப் பிளேடு வேலை. இரண்டு நிமிஷ வேலைதான், அதற்கு முன்னே குதிரையைக் கழற்ற மனது வேண்டும்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். குற்றம் பையனுடையது, நான் பெரிய மனதோடு மன்னித்தேன் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் இரவு கிதாரைக் கோவிலில் கொண்டுவந்து சொருகினோம். மறுபடியும் இரைந்தது! பையன் முகம் செத்துப்போயிற்று. "போதும் சாமி, விடுங்க" என்றான். எனக்கும், நான் முதலில் சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவன் வீட்டில் இரையாதது இங்கே இரைவானேன்? எலெக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பாடகர் பக்கத்து பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிக் காட்டினார். மேலே இருக்கிற பெரிய துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லை. எப்போதோ சுவரைப் பூசினபோது அறுந்து, அப்படியே மூடியிருக்கிறார்கள். பையன் தன் ஒயரை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும், நம் சுவருக்குள்ளே அது போய்ச் சேருவதற்குப் பூமி இல்லை.

இது வெறும் இரைச்சல் காரியமும் அல்ல. 1972-ல் ஸ்வான்சீ என்கிற ஊரில் லெஸ் ஹார்வி என்ற கிதார்க்காரர் மேடையில் நின்றபடியே மைக்கைத் தொட்டு, எர்த் சரியில்லாததால் மின்சாரம் பாய்ந்து மாண்டுபோனார். நம் பையன் ஒரு மணி நேரம் நாலு உலோகக் கம்பிகளை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு, வாய்க்கு எதிரே மைக்கோடு, அந்தச் சுவரை நம்பி நின்றான். இரைச்சலை நான் அவமரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அது எச்சரிக்கை.

சுவர் திறந்து கிடக்க, அங்கேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் இருட்டில் கேட்ட மன்னிப்பு பாதி மன்னிப்புத்தான். மைக்கின் முன்னே சொன்ன சொல்லை இன்று மைக்கின் முன்னே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அன்று சிரித்தவர்கள் பூசை முடிந்தபின் அவனோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

கிதாரே கோவிலுக்கு ஆகாது என்று என்னிடம் வந்து சொன்ன பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 10-ம் பத்திநாதர் பாப்பானவர் 1903-ல் பியானோவையும் முரசு முதலான ஆரவாரக் கருவிகளையும் ஆலயத்தில் விலக்கினது மெய். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், குழல் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பைக் கொடுத்தபின், ஆலயத்தின் மேன்மைக்குப் பொருந்தி விசுவாசிகளின் பக்திக்கு உதவுகிற மற்றக் கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் சம்மதத்தோடு அனுமதிக்கலாம் என்று தீர்த்தது. நாம் பரம்பரைச் சொத்தாக நினைக்கிற ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். நம் சங்கீதத்துக்கு ஆகாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கிவைத்திருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ் கிதார் தனியே பாட்டு வாசிக்கிற கருவி அல்ல. அதன் தடித்த கம்பி விநாடிக்கு 41 தடவைதான் அதிரும். காதுக்கு எட்டுவதற்குள் காலுக்கு எட்டிவிடும். பாடுகிறவர்கள் சுருதி விட்டு விலகாமல் கீழேயிருந்து தாங்குவதே அதன் வேலை. நேற்று மாலை பயிற்சி நடக்கையில் காது மந்தமான நம் பாட்டி ஒருத்தி முன் பெஞ்சில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். பெஞ்சுப் பலகையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டு ஆரம்பிச்சிட்டாங்களா சாமி?" என்று கேட்டாள்.

அவன் தாயார் கொடுத்த பூசைக் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்து, நன்றிப் பூசையாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்றைய பூசை அந்தக் கருத்துக்கு ஒப்புக்கொடுக்கப்படுகிறது.

பாடகர் பக்கத்து பிளக்குக்கு எர்த் போட்டாயிற்று. எலெக்ட்ரீஷியன் கோவிலிலுள்ள மற்ற ஆறு பிளக்குகளையும் சோதித்ததில், நாலில் எர்த் இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில், நான் பிடித்துப் பேசுகிற இந்த மைக்கினுடையதும் அதில் ஒன்று. அடுத்த ஞாயிறு இரண்டாம் காணிக்கை அந்த வேலைக்காக எடுக்கப்படும். பாடகர் பயிற்சி வழக்கம்போல சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. பையனும் வருகிறான்.